அண்ணன் பேரில் விழுந்தவர்

காலை எட்டு மணிக்கு டொக்டரம்மா வந்து கேட்பது மூன்றே கேள்விகள். பேர் என்ன, இப்போது எங்கே இருக்கிறீர்கள், இது என்ன மாதம். சிங்களத்தில்தான் கேட்பார். தலைக்கட்டோடு கட்டிலில் கிடந்த மனுசன் முதல் பத்து நாள் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. பதினோராம் நாள் ஆஸ்பத்திரி என்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து மாதத்தைக் கேட்டதற்கு ஆனி என்றார். டொக்டரம்மா விளங்காமல் திரும்பிப் பார்க்க, அது எங்கள் மாதக்கணக்கு, ஜூன்தான் என்று கட்டிலடியில் நின்ற அவர் பெண்டாட்டி பூரணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். டொக்டரம்மா சிரித்தார். பிறகு பேரைக் கேட்டார்.

"நல்லமுத்து" என்றார் அவர், தண்ணீர் குடித்த தொண்டை மாதிரித் தெளிவாக.

டொக்டரம்மா கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அதில் செல்லசாமி என்றிருந்தது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னவோ எழுதினார். புருசனுக்குச் சொந்தப் பேர் திரும்பிவிட்ட சந்தோசத்தில் பூரணிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அவள் ஒன்றும் பேசாமல் அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஏன் பேசவில்லை என்பதற்கு லிந்துலைக்கு மேலே இருக்கும் அவர்களுடைய தோட்டத்துக்குப் போக வேண்டும். செல்லசாமி அண்ணன், நல்லமுத்து தம்பி. இளவட்டத்தில் கொழும்புக் கடையொன்றில் நிற்கப் போன நல்லமுத்துவின் பேரைத் தோட்டத்தில் வெட்டிவிட்டார்கள். ஆறு வருசத்துக்கு முன் அவர் நெஞ்சுச் சளியோடு திரும்பி வந்தபோது, புதுப்பேர் பதிவதில்லை என்று தோட்டத்துத் துரை கைவிரித்துவிட்டார். அந்த வருசமே செல்லசாமி பெண்டாட்டி பிள்ளைகளோடு கொழும்புக்குப் போனார். அண்ணன் பேர் ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் அப்படியே இருந்தது. காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை சுதாகரன் "செல்லசாமி" என்று கூப்பிட, நல்லமுத்து "ஐயா" என்பார். அவ்வளவுதான் விசயம். தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கு முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. இப்படி ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மூன்று பேராவது அடுத்தவன் பேரில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். பேரை விட்டால் குடியிருக்கும் லயத்துக் காம்பரா போய்விடும், சேமலாபப் பணம் முறிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். வேலை நடக்கிறவரை யாரும் யாரையும் கேட்பதில்லை.

கொழுந்து லொறி கோயில் முடக்கு வளைவில் சறுக்கியது பின்னேர மழையில். பின்சக்கரம் ரோட்டோரக் கானில் இறங்கியதும், மூட்டைகளோடு பின்னால் நின்ற நல்லமுத்து தூக்கி எறியப்பட்டு, கல்லுக்கட்டில் தலை மோத விழுந்தார். ரத்தம் அதிகமில்லை. காதிலிருந்து மட்டும் கொஞ்சம் வந்தது. சுதாகரன் செக்ரோலைப் பார்த்தே தோட்டத்து டிஸ்பென்சரிச் சீட்டை எழுதிக் கொடுத்தார். அம்புலன்ஸ் கதவடியில் பூரணியின் காதோடு சொன்னார்:

"பூரணி, நல்லாக் கேட்டுக்க. எங்க கேட்டாலும் செல்லசாமின்னுதான் சொல்லணும். பேரு மாறிச்சுன்னா இவரு வேலையில அடிபட்டதாவே கணக்குல வராது. ரோட்டுல போன ஆளு விழுந்த மாதிரி ஆயிரும். எனக்கும் வேல போயிரும், ஒனக்கும் காம்பரா போயிரும்."

சுதாகரன் கெட்டவரில்லை. சொல்லி முடித்ததும் தன் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டைக்குள் உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் ஒவ்வொரு காலையிலும் அந்த மூன்று கேள்விகள். இடம் சரி, மாதம் சரி, பேர் பிழை. நாலாவது நாளும் நல்லமுத்து என்று அவர் சொன்னபோது டொக்டரம்மா பூரணியை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தன் பேரையே அறியாத ஆளைக் கை கால் பழக்கும் பயிற்சி வார்டுக்கு அனுப்ப முடியாது. அங்கே கட்டில் குறைவு, சொன்னதை வாங்கிக்கொள்கிற ஆளுக்குத்தான் இடம் தருவார்கள். இன்னொரு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான். வலது காலை இழுத்து இழுத்து வைக்கிற மனுசனை மலைக்காட்டு லயத்துக்குக் கொண்டுபோய் என்ன செய்வது?

அன்றைக்குப் பின்னேரம் பூரணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தாங்க, டொக்டரம்மா கேட்டா செல்லசாமின்னு சொல்லுங்க."

"அது அண்ணேன்."

"அண்ணேன்தான். பெரட்டுல சொல்லுவீங்கல்ல, அந்த மாதிரி."

"இது பெரட்டா?"

"பெரட்டுன்னே வச்சுக்கங்க."

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "அப்ப கணக்கப்பிள்ள எங்க?"

"டொக்டரம்மாதான் கணக்கப்பிள்ள. சொல்லுங்க பாப்போம். ஒங்க பேரு என்ன?"

"நல்லமுத்து."

ஏழு நாள் விடாமல் சொல்லிக்கொடுத்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது ஒரு தடவை, முகம் துடைக்கும்போது ஒரு தடவை, விசிட்டர்களைப் போகச் சொல்லி மணி அடிக்கும்போது ஒரு தடவை. ஒரு நாள் கோபம் வந்து சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டார். பூரணி சிந்தியதைக் கூட்டி அள்ளிவிட்டு மறுபடியும் கேட்டாள். எட்டாம் நாள் காலை டொக்டரம்மாவிடம், "செல்லசாமி" என்றார். டொக்டரம்மா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார், நர்ஸ்மார் சிரித்தார்கள், அட்டையில் பெரிதாக ஒரு சரி விழுந்தது. மறுநாளே பயிற்சி வார்டு கிடைத்தது. அங்கே கம்பியைப் பிடித்து நடந்தார், ரப்பர் பந்தை அமுக்கினார், சட்டைப் பொத்தானை மறுபடியும் போடப் பழகினார். தான் சொன்ன பொய்யால்தான் இவ்வளவும் நடந்தது என்று பூரணிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆடி மாதம் வீட்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டொக்டரம்மா எச்சரித்து அனுப்பியிருந்தார். தலையில் அடிபட்டவர்கள் போன மாதிரியே திரும்புவதில்லை, குணம் மாறும், கோபம் வரும், கூச்சம்கூட விட்டுப்போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். பூரணி எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தாள். வந்தது வேறு மாதிரி.

மூக்கு முதலில் போயிருந்தது. அடுப்பில் ரொட்டி கருகிப் புகை கண்ணைக் கரித்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மிளகாய் இடித்த கட்டைச்சம்பலைத் தின்றுவிட்டு உறைக்குது என்பார், வாசம் தெரியாது. சத்தம் ஆகாது. லயத்தில் யாராவது ரேடியோவைக் கூட்டினால் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவார். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அவருக்கு வந்த மரியாதை. முன்பெல்லாம் "ஏ புள்ள" என்றும், கோபம் வந்தால் அதைவிட மோசமாகவும் கூப்பிட்ட மனுசன், இப்போது "தாயி" என்றார். தேத்தண்ணி கொடுத்தால் கையில் வாங்காமல், "அங்கன வையி தாயி" என்று பக்கத்தில் கிடந்த கட்டையைக் காட்டினார். அவள் உடுத்தி முடிக்கும்வரை வெளியே போய் நின்றார். தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால் நெளிந்து விலகினார். படுக்கை வாசல் பக்கத்து இஸ்தோப்புக்குப் போயிற்று. உள்ளே வந்து படுங்க என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. மார்கழிப் பனியில்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கேயே சுருண்டார்.

அடுத்த காம்பரா லெட்சுமி, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்தில் ஆயா. பூரணி கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் அவரையும் மடுவத்து முற்றத்தில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

"எங்க மடுவத்துல ஒரு புள்ள கூடிருச்சு" என்று சிரிப்பாள். "ஆனா பூரணி, ஒம் புருசன் மாதிரி மரியாதப்பட்ட மனுசன நான் பாத்ததில்ல. என்னயக்கூட வாங்க போங்கங்குறாரு. இந்த ஆம்பளைங்களுக்கெல்லாம் மண்டையில ஒரு தட்டுத் தட்டுனாத்தான் புத்தி வரும்போல."

"நீ வேற" என்று பூரணியும் சிரிப்பாள். பிள்ளையில்லாத வீட்டில் இத்தனை வருசம் குத்தலும் திட்டும் கேட்டவளுக்கு அந்தத் தாயி என்ற வார்த்தை பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனாள். முன்னைப் போல் கை நீட்டுவதுமில்லை. இதற்காகவா கவலைப்படுவது?

கூட வேலை செய்தவர்களை மட்டும் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி வைத்தாள். வந்தால் வாய் தவறி நல்லமுத்து என்று கூப்பிட்டுவிடுவார்கள், தோட்டத்து ஆபீஸ் ஆட்கள் காதில் விழும். அவளோ புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லாதவள். ஆக அந்தப் பேர் அந்த வீட்டில் ஒலிக்காமலே போயிற்று.

நட்டஈட்டு வழக்கை எடுத்து நடத்தியவள் பிரேமினி. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, ஹட்டனில் சட்ட உதவி அலுவலகத்தில் இருக்கிற பெண். லயத்துக்கே வந்து, மிளகாய் காயப்போட்ட சாக்கை ஒதுக்கிவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள்.

"அக்கா, கை போனா காட்டலாம், கால் போனா காட்டலாம். மறதிய எப்புடிக் காட்டுறது? அதுதான் இந்தக் கேசுல கஷ்டம். எதிர்ப்பக்கம், ஆளு நல்லாத்தானே நடக்குறாரு, நல்லாத்தானே பேசுறாருன்னு சொல்லுவாங்க. நமக்கு இருக்கிறது டொக்டருங்க எழுதுன துண்டுங்க மட்டுந்தான். அதுல ஒரு ஓட்டையும் இருக்கக்கூடாது."

"சரிங்க தங்கச்சி."

"வேற ஏதும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. நானும் லயத்துல பொறந்தவதான், எனக்கிட்ட மறைக்க வேண்டியதில்ல."

பூரணி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்றாள். அந்தப் பெண் அவ்வளவு தூரம் இறங்கிக் கேட்டும் சொல்லவில்லை. பயம்தான்.

கொழும்பிலிருந்து செல்லசாமி வழக்குக்காகத் தன் அடையாள அட்டையை பஸ்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அண்ணன் தம்பிக்கு ஒரே முகவெட்டு, பழைய படம், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வாரத்தில் ஒருநாள் ஃபோன் எடுப்பார்.

"நல்லாருக்கானா தம்பி?"

"இருக்காரு மாமா. ரெண்டு ரொட்டி திங்கிறாரு."

"ஒருநா வந்து பாத்துட்டுப் போகவா?"

"வந்துறாதீங்க மாமா. நீங்க இங்க மண்டையில அடிபட்டுல்ல கெடக்கீங்க. ரோட்டுல நடந்து வந்தீங்கன்னா தோட்டமே கூடி நிக்கும்."

அவர் சிரித்தார். கடைக்குள் யாரோ சிங்களத்தில் விலை கேட்பது கேட்டது.

"என்னயக் கேட்டானா பூரணி?"

"இல்ல மாமா. அவரு யாரயும் கேக்குறதில்ல."

"எம்பேரு போனாப் போகுது. அவன் திங்கட்டும், இருக்கட்டும். காம்பராவ மட்டும் விட்டுறாதீங்க. நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க? ஆனா ஒண்ணு, இனி நான் செத்தாக்கூட எம்பேர்ல சாக முடியுமோ என்னமோ."

"அப்புடிப் பேசாதீங்க மாமா."

தை பிறந்து, மாசியில் விசாரணைத் தேதி வந்தது. ஹட்டனுக்குக் காலை பஸ். பஸ்ஸில் பூரணி ஜன்னலோரம் இடம் விட்டு உட்கார்ந்தாள். அவர் அவள் பக்கத்தில் உட்காராமல் முன்னால் ஓர் ஆம்பளை பக்கத்தில் போய் உட்கார்ந்தார். காற்று வேண்டும்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். தலவாக்கலை தாண்டும்வரை தூறல், பிறகு வெயில். வழிநெடுக மலைகளில் கவ்வாத்து வெட்டிய தேயிலை மொட்டையாக நின்றது.

விசாரணை அதிகாரி கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசும் சாதுவான மனிதர். எதிர்ப்பக்கம் தோட்டத்தின் லோயரும் ஒரு கிளார்க்கும். சுவரோரம் சுதாகரன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. பூரணிக்கும் புருசனுக்கும் பிரேமினிக்கும் மூன்று நாற்காலி. நல்லமுத்து ஒரு நாற்காலி இடம் விட்டு அந்தப் பக்கம் உட்கார, பிரேமினி நடுவில் உட்கார்ந்தாள்.

"பயப்பிடாதேங்கோ" என்றார் கனகலிங்கம். "உங்களுக்கு நினைவு எவ்வளவு இருக்குதெண்டு பாக்கத்தான் கேக்கிறன். உங்கட பேர் என்ன?"

"செல்லசாமிங்க."

பூரணி மூச்சு விட்டாள்.

"தகப்பன்ர பேர்?"

"அழகுமுத்துங்க."

"என்ன வேலை செய்தனீங்கள்?"

"கொழுந்து மூட்ட ஏத்துறதுங்க."

தோட்டத்து லோயர் பேனாவை மேசையில் தட்டினார். ஆள் நன்றாகத்தானே பதில் சொல்கிறார் என்பது அந்தத் தட்டில் இருந்தது.

"மனிசியின்ர பேர்?"

"தங்கேஸ்வரிங்க."

பூரணிக்கு முதலில் காதில் ஏறவில்லை. தங்கேஸ்வரி செல்லசாமியின் பெண்டாட்டி. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"பிள்ளையள்?"

"ரெண்டுங்க. ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க. கொழும்புல படிக்குதுங்க."

கனகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியைப் புரட்டினார். "இதில மனிசி பூரணி எண்டெல்லோ எழுதிக் கிடக்குது? பிள்ளையள் இல்லையெண்டும் கிடக்குது. அப்ப இந்தா இருக்கிறா, இவ ஆர்?"

நல்லமுத்து பூரணியைப் பார்த்தார். பார்த்த உடனே, பார்க்கக் கூடாததைப் பார்த்தவர் போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது எந் தம்பி பொஞ்சாதிங்க. பாவம். தம்பி லொறியில இருந்து விழுந்து செத்துப்போயிட்டான். இதுக்குப் புள்ளகுட்டி இல்ல, வேற நாதியும் இல்ல. நான்தான் காவலுக்கு வாசல்ல படுத்துக்கிறேன்."

பிரேமினி மெதுவாகத் திரும்பி, "அக்கா?" என்றாள்.

பூரணிக்கு இப்போதுதான் விளங்கியது. தாயி என்று கூப்பிட்டதும், கையில் வாங்காததும், பனியில் வெளியே கிடந்ததும் மரியாதை என்று நினைத்து மகிழ்ந்திருந்தாளே. தம்பி பெண்டாட்டி தாலியறுத்து நிற்கிறாள் என்று ஏழு மாதமாக ஒரு மூத்தார் ஒதுங்கி நடந்துகொண்டிருக்கிறார். தம்பிக்காக அவர் யாரிடமும் அழவுமில்லை. லொறி கொல்லாத மனுசனைத் தான் ஊட்டி ஊட்டிக் கொன்றுவிட்டோம் என்று தோன்றியது. அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"ஐயா, எழுதிக்கிருங்க. இவரு பேரு நல்லமுத்து. எம் புருசன். செல்லசாமி இவரு அண்ணேன், கொழும்புல கடையில நிக்கிறாரு, நல்லாருக்காரு. அவரு பேர்லதான் இவரு ஆறு வருசமா வேல செஞ்சாரு. ஆஸ்பத்திரியில இவரு சரியான பேரத்தான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொல்லிக் குடுத்தேன்."

பிரேமினி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, கொஞ்சம் இருங்க. நான் பேசுறேன்."

"இருந்தது போதும் தங்கச்சி. ஒங்களுக்கிட்டயும் மறைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க."

தோட்டத்து லோயர் எழுந்துவிட்டார். அப்படியானால் இந்த மனுவே செல்லாது, ஆள்மாறாட்டம், இத்தோடு முடிக்க வேண்டும் என்றார். சுதாகரன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிரேமினியும் எழுந்தாள்.

"ஐயா, பேரு வேறயா இருக்கலாம். விழுந்த ஆளு இவருதான். ஆறு வருசமா இவரு தோளுல மூட்ட ஏத்துனது தோட்டத்துக்குத் தெரியும். தெரியலன்னு இந்தக் கணக்கப்பிள்ள சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். எனக்கு அடுத்த தேதிக்கு ஒரு தவணை வேணும்."

சுதாகரன் கண்ணைத் திறந்தார். "தெரியும்" என்றார் தரையைப் பார்த்து. "எனக்கும் தெரியும், எனக்கு மேல இருக்கிற கண்டாக்கையாவுக்கும் தெரியும்."

கனகலிங்கம் நெடுநேரம் எழுதினார். பிறகு பூரணியைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் சொன்னதை நான் எழுதியாச்சு. இனி அழிக்கேலாது. வழக்கு இழுபடும். டொக்டர்மாரின்ர துண்டெல்லாம் திரும்ப எடுக்கோணும். வீடும் போகலாம். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"அப்ப ஏன் சொன்னனீங்கள்? பேசாமல் இருந்திருந்தால்..."

பூரணி புருசன் பக்கம் திரும்பினாள். பிரேமினிக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தாமல் அவளைப் பார்த்தார்.

"ஏன் தாயி, நல்லமுத்து சாகலையா?"

"சாகலங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். உசுரோட இருக்காரு."

அவர் முகம் கோண, வாய் திறக்க, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அழுதார். சத்தமில்லாமல், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். பிறகு அவசரமாக எழுந்து, பொத்தான்கள் சரியா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப வா தாயி, சுருக்கா வீட்டுக்குப் போவோம். அவன் வந்து, வீடு பூட்டிக் கெடக்குன்னு திரும்பிப் போயிறப் போறான்."

பூரணி பையை எடுத்துக்கொண்டு அவருடன் நடந்தாள்.